மா என்பது குதிரை அன்று: பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு சிறுதேர் ஆய்வு

உள்ளியும் பல்லாரியும், அதாவது சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும், மலைமலையாய்க் குவிந்து ஏலம் போகும் ஊரில் பந்தயக் கார் ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஆய்வு தொடங்கிவிட்டது. களம்: தென்காசிக்குக் கிழக்கே, திருநெல்வேலி சாலையில் உள்ள பாவூர்சத்திரம், அங்கே ஒரு மாடி அறை, அந்த அறையில் ஒரு மேசை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகை: ஒருவர். அவரே ஆய்வாளரும் என்பதால் நேர்காணலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பதில் சொல்லாமல் நழுவியவர்களும் இல்லை.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுகிறேன். பழைய பந்தயக் கார்களைச் சிறு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். துண்டுகளெல்லாம் ஸ்புரூ என்ற சட்டத்தில், பந்தலில் அவரைக்காய் போலத் தொங்கும். வாங்கியவர் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்துக் காராக்கிக்கொள்ள வேண்டும். இதற்குத் தமிழில் பெயரில்லை என்பவர்கள் பிள்ளைத்தமிழைப் புரட்டிப் பார்க்காதவர்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவம் சிறுதேர். பாட்டுடைத் தலைவன் முருகனாகவே இருந்தாலும் அங்கே அவன் உருட்டுவது சிறுதேர்தான். ஆகவே இக்கட்டுரை முழுவதும் அந்தப் பொருளுக்குச் சிறுதேர் என்றே பெயர்.

இனி அளவு. இத்துறையில் ரத்த உறவுகளே முறிந்துபோகும் அளவுக்குச் சண்டை நடப்பது இதில்தான். பன்னிரண்டில் ஒன்று, இருபதில் ஒன்று, இருபத்துநாலில் ஒன்று, நாற்பத்துமூன்றில் ஒன்று என்று பல சாதி உண்டு. பன்னிரண்டும் இருபத்துநாலும் எங்கிருந்து வந்தன என்பது வெளிப்படை: அடிக்கு ஓர் அங்குலம், அடிக்கு அரை அங்குலம். நாற்பத்துமூன்று பிரிட்டிஷ் பொம்மை ரயிலின் வழியாக வந்தது. ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் அந்த எண்ணில் வந்து நிற்கும். இவையெல்லாம் அங்குலக்காரன் கணக்கு. ஃபார்முலா ஒன் கார்களுக்கென்று ஜப்பானின் டாமியா நிறுவனம் நிலைநிறுத்திய இருபதில் ஒன்று மட்டும் அங்குலத்துக்கும் அடிக்கும் கட்டுப்படாமல் தனியே நிற்கிறது. ஏன்?

எண்சுவடியைத் திறந்தால் விடை கிடைக்கும். நம் பெரியவர்கள் ஒன்றை அரைத்து அரைத்து முந்திரி வரைக்கும் போனவர்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. எண்பதில் ஒன்று காணி. நாற்பதில் ஒன்று அரைமா. எட்டில் ஒன்று அரைக்கால். இத்தாலியின் போக்கர் நிறுவனம் பழைய ஆல்ஃபா ரோமியோ பந்தயக் காரை இந்த அரைக்கால் அளவில்தான் பெட்டியில் போட்டது. அப்படியானால் இருபதில் ஒன்று?

மா.

இந்த ஓரெழுத்துச் சொல்லில் ஆய்வே தொங்குகிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடல், தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறி ஓட்டிப் போக முடியாவிட்டாலும், கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளை அங்கே தோழி உவமை சொல்லுகிறாள். தலைவனோடு கூடியிருக்கும் பேறு இல்லாமல் போனாலும், அவன் நட்பை வளர்த்தே நாங்கள் இன்புறுகிறோம் என்பது அவள் கருத்து. பாட்டில் அந்த வண்டிக்கு முன்னால் ‘மா’ என்றொரு சொல் நிற்கிறது. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் உட்பட உரை கண்டோர் எல்லோரும் அதைக் குதிரை என்று கொண்டார்கள். பெரியவர்களிடம் பணிந்து ஒன்று கேட்கிறேன். இழுக்கப் பிள்ளை நிற்கும்போது குதிரை எதற்கு? அது இருபதில் ஒன்று. தச்சன் மா அளவில் செய்த வண்டி. டாமியாவின் ஃபார்முலா ஒன் அளவு சங்க காலத்திலேயே வந்துவிட்டது என்பதற்கு இதற்கு மேல் சான்று கேட்பவர் தமிழ்ப் பகைவர்.

ஃபெராரிக்கும் நமக்கும் உள்ள உறவைத் தோழியைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன். ஏற முடியாது, இழுத்து மகிழலாம்.

தச்சன் என்ற சொல்லையும் சும்மா விடுவதற்கில்லை. டாமியா 1946இல் ஷிஸுவோக்கா நகரில் மரம் அறுத்து விற்கும் தொழிலாகத் தொடங்கியது. மர வியாபாரம் மரப் பொம்மைக் கப்பலாகி, அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. முதல் பிளாஸ்டிக் பெட்டி 1960இல் வந்த யமாட்டோ போர்க்கப்பல். 1967இல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரைப் பன்னிரண்டில் ஒன்றாகச் செய்தார்கள். எழுபதுகளில் போர்ஷே 934ஐச் செய்ய நினைத்தபோது படங்கள் போதவில்லை என்று நிறுவனர் மகன் ஷுன்சாகு டாமியா ஓர் அசல் போர்ஷே 911ஐ விலைக்கே வாங்கி, திருகு திருகாகக் கழற்றி அளந்தார். கழற்றியதைப் பழையபடி மாட்டுவதற்கு மட்டும் போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. உலகத்துக்கே பூட்டுவது எப்படி என்று படம் போட்டுக் கொடுக்கும் வீட்டில் நடந்தது இது. மேசையில் மூன்று திருகு மிஞ்சிக் கிடக்கும் இரவுகளில் இக்கட்டுரையாளர் இந்த வரலாற்றை நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறார்.

இப்போது மேசையில் இருப்பது 1976ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார், டிரெல் பி34. ஆறு சக்கரம். முன்னால் நாலு, பின்னால் ரெண்டு. டெரெக் கார்ட்னர் வடிவமைத்தது. முன்சக்கரங்கள் காற்றுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதால்தானே வேகம் குறைகிறது, அவற்றைக் குட்டையாக்கி மூக்குக்குப் பின்னால் ஒளித்துவிடுவோம். குட்டையானால் பிடிப்பு குறையுமே, ரெண்டை நாலாக்குவோம் என்று போயிருக்கிறது அவர் யோசனை. அந்த வருடம் ஸ்வீடன் பந்தயத்தில் இந்த வண்டிகள் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிடித்தன. ஓட்டியவர்கள் ஜோடி ஷெக்டரும் பத்ரிக் டெப்பாயேயும். ஆனால் அந்தப் பத்து அங்குலக் குட்டிச் சக்கரத்துக்கு டயர் வேண்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஒற்றை வாடிக்கையாளருக்காக டயர்க் கம்பெனி எவ்வளவு மெனக்கெடும்? மற்றவர் டயர் வளர்ந்தது, இது தங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் கதை முடிந்தது. பிறகு 1983 முதல் நாலு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்.

பத்து அங்குலம், மா அளவில், அரை அங்குலம். சட்டைப் பொத்தான் மாதிரி. டயரையும் மாட்டினால் நல்ல உள்ளி அளவு வரும். பின்சக்கரம் பொடிப் பல்லாரி. உவமைக்காகச் சொல்லவில்லை, எடுத்து அருகில் வைத்தே பார்த்தாயிற்று.

உலகத்தைத் திகைக்க வைத்த இந்த வண்டியைக் காய்கறி மார்க்கெட்டில் சுமை இறக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் படத்தில் காட்டி, கருத்துக் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “முன்னால ரெண்டு அச்சு. டாரஸ் லாரிதான வே? இதுல எத்தன டன் ஏத்துவான்?” என்றார். இரவோடு இரவாகப் புளியரை வழியாகக் கேரளத்துக்குக் காய் ஏற்றிப் போகும் பன்னிரண்டு சக்கர வண்டிகளைத் தினமும் பார்ப்பவருக்கு ஆறு ஒரு குறைச்சலான எண். கார்ட்னர் இங்கே வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் அவருக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

வண்ணம் பூசும் பருவம் பற்றி அயல்நாட்டு நூல்கள் எதுவும் உதவாது. ஆனியில் சாரல் தொடங்கும். குற்றாலத்துக்கு ஊரே குளிக்கப் போகும். இக்கட்டுரையாளர் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார். காரணம் உண்டு. லாக்கர் வண்ணத்தில் கலக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிரும். குளிர்ந்த பரப்பில் சாரல் காற்றின் ஈரம் படிந்து வண்ணத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீலக் கார் மோர் நிறத்துக்கு மாறிவிடும். ஆடி முதல் புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கும். காற்றாலைக்காரர்களுக்கு அது பணம். ஈரம் காயாத பளபளப்பு வண்ணத்துக்கு அது வயக்காட்டுப் புழுதி. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. மார்கழி பனி. பங்குனி பிறந்து வெயில் ஏறினால், பீச்சியடிக்கும் வண்ணம் காரைத் தொடும் முன்பே பாதி வழியில் காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று உட்காரும். கழித்துப் பார்த்தால் தையும் மாசியும்தான் மிஞ்சும். தையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று இக்கட்டுரையாளரைத் தேடுவார்கள். ஆக மாசி.

வண்ணத்துக்குப் பிறகு ஸ்டிக்கர். தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி எடுத்து, காரின் வளைவில் படிய வைக்க வேண்டும். வெங்காயத் தோலைவிட மெல்லிசு. அந்தக் காலப் பந்தயக் கார்கள் பாதிக்கு மேல் ஓடும் சிகரெட்டுப் பெட்டிகள். கறுப்பு லோட்டஸும் தங்க எழுத்துகளும் ஒரு சிகரெட்டின் நிறம்தான். புகையிலை விளம்பரச் சட்டங்கள் இறுகிய பிறகு வந்த பெட்டிகளில் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். மூலபாடத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். இக்கட்டுரையாளர் ஒட்டினால் எழுத்து கிழியும், அல்லது மடங்கி அதனோடேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது முறையும் கிழிந்தபோது சுளவில் இலையை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

“கொண்டா இங்க.”

வெட்டிய இலையைத் தூள் சிந்தாமல் சுருட்டி முனை மடிக்கும் விரல்கள். நாற்பது வருடப் பழக்கம். ஸ்டிக்கரை நுனிவிரலில் ஏந்தி, ஒரே வழுக்கில் இறக்கிவிட்டாள். ஒரு குமிழி இல்லை. பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சிகரெட்டுக் கம்பெனிப் பெயர் என்றேன். “காருக்கு மேலேயே எழுதிக்கிட்டு ஓடுதானா? நாங்க சுத்துற பீடிக்கு எவன்ல காரு ஓட்டுதான்?” என்றாள். பந்தய விளம்பரப் பொருளாதாரம் குறித்து இந்த ஆய்வில் கிடைத்த ஒரே காத்திரமான கேள்வி அதுதான். பதில் இல்லை.

பெட்டிகளின் விலை குறித்து ஒரு குறிப்பு. வீட்டில் விலையையும் மா கணக்கிலேயே சொல்லுவது இத்துறையின் மரபு. ஐயாயிரம் என்றால் இருநூற்றைம்பது.

தமிழனுக்கென்று ஒரு கார் வேண்டாமா என்றால், இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனித் தடம் வந்தது. கோவையின் கரிவரதன், வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. அவர் கட்டியதும் சிறுதேர் மனசோடுதான், அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். கோவைப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் ஜூன் 19, இண்டியானாபொலிஸ். டயர்ச் சிக்கலால் பதினாலு கார்கள் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட, மிஞ்சிய ஆறில் அவர் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஆறில் நாலு பெரிய விஷயமா என்று கேட்ட மச்சானோடு இக்கட்டுரையாளர் ஆறு மாதம் பேசவில்லை. ஒதுங்கியவர்களை எண்ணி என்ன பயன்? ஓடியவர்களைத்தானே எண்ண வேண்டும்.

அந்த ஜோர்டான் மஞ்சள். ஜவுளிக்கடை மஞ்சப்பைக்கு அண்ணன் முறை. மஞ்சள் வண்ணம் எதையும் மூடாது. அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூசிவிட்டு அதன் மேல்தான் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு மாசி, இதற்கு ஒரு மாசி.

இந்த இடத்தில் நேர்மையாக ஓர் எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். நுங்கு சீசனில் தெருப் பிள்ளைகள், கண் நோண்டித் தின்று முடித்த இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். செய்யப் பத்து நிமிடம். பசை வேண்டாம், வண்ணம் வேண்டாம், படம் போட்ட கையேடு வேண்டாம். அது ஓடவும் ஓடுகிறது. டிரெல் இரண்டாம் வருடத்தில் இருக்கிறது, ஓடாது. இந்தச் சான்று ஆய்வின் முடிவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே நீக்கப்பட்டது.

கடைசியாக ஒரு பாடச் சிக்கல். கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குச் சிறுதேர்ப் பித்து உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த, ஏறிப் போக முடியாத தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் வருகிறார்கள். பட்டினப்பாலையில் மறுபடியும் சிறுதேர். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் வீசிய காதணி, பிள்ளைகள் உருட்டும் வண்டிக்குக் குறுக்கே போய் விழுகிறது. பந்தயத் தடத்தில் குப்பை விழுந்ததற்கு நம்மிடம் உள்ள பழைய பதிவு இதுவே. அந்த வண்டியைப் புலவர் ‘முக்கால்’ என்ற சொல்லால் குறிக்கிறார். மூன்று கால், அதாவது மூன்று சக்கரம் என்பது உரை.

ஏன் மூன்று? நான்காவது எங்கே? முக்கால் என்பதைப் பின்னமாகக் கொண்டு நாலில் மூன்று பங்கு அளவு என்று சொல்லலாம். ஆனால் அவ்வளவு பெரிய தேரைப் பிள்ளை உருட்டாது, காதணியும் தடுக்காது. இரு பொருளும் ஒவ்வாதபோது அனுபவத்தைத்தான் கேட்க வேண்டும். சென்ற மாசியில், இரவு பதினொரு மணிக்கு, நகவெட்டியால் ஸ்புரூவிலிருந்து டிரெல்லின் நான்காவது முன்சக்கரத்தை நறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். பொத்தானளவுச் சக்கரம் மின்விசிறிக் காற்றைக் கடந்து எங்கோ போயிற்று. கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருளுக்குள், அரிசிப் பானைக்குப் பின்னால், எங்கும் இல்லை. உள்ளிக் கூடையையும் கொட்டிப் பார்த்தாயிற்று.

முக்கால் என்றால் முக்கால் பங்கு முடிந்த தேர். காவிரிப்பூம்பட்டினத்திலும் அந்தக் கடைசிச் சக்கரம் கட்டிலுக்கு அடியில்தான் எங்கேயோ கிடந்திருக்கிறது.