ஹோட்டலில் நின்றவர்கள்

லண்டன் தமிழருக்குப் பாரிஸ் என்றால் ஒரு பெரியம்மா வீடு. சிலருக்குச் சித்தப்பா வீடு. இரண்டும் இல்லாதவருக்கு, ஊரில் பக்கத்து வளவில் இருந்தவரின் மருமகன் வீடாவது கட்டாயம் இருக்கும். ஆகவே எங்களில் யாராவது பாரிஸைச் சுற்றிப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அவர் பார்த்தது ஒரு சாப்பாட்டு மேசையை.

இது என் நண்பருக்குத் தெரியாது. அவர் மதுரைக்காரர், லண்டனில் கணினி வேலை. இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் “பக்கத்து நாட்டுக்குப் போய் வரலாம்” என்று எக்செலில் ஒரு பயணத்திட்டம் போட்டுவிட்டார். ஈபிள் கோபுரம், 1889இல் கட்டி முடித்தது, 330 மீட்டர். லூவர் அருங்காட்சியகம். சேன் நதியில் படகு. மதிய உணவு: அரை மணி நேரம். அந்த வரியைப் படித்தபோதே எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

என் கையில் பிரித்தானியப் பாஸ்போர்ட். பிரெக்சிட்டுக்குப் பிறகு எல்லையில் கொஞ்சம் சுணக்கம், அவ்வளவுதான். அவருடையது இந்தியப் பாஸ்போர்ட். ஓரிரவு தங்குவதற்குச் செங்கன் விசாவுக்காக அவர் சேர்த்த தாள்களைக் கொண்டு ஒரு கல்யாணத்தையே பதிவு செய்திருக்கலாம். வங்கிக் கணக்கு, வேலையிடத்துக் கடிதம், போய்வர டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே படுப்பீர்கள் என்பதற்கு அத்தாட்சி. தெரிந்தவர் வீட்டில் தங்குவதென்றால் அந்த வீட்டுக்காரர் நகரசபைக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். அகதி விண்ணப்பக் காலத்தில் அலுவலக வாசல்களில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர் என் பாரிஸ் பெரியப்பா. அவரை மறுபடி வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் எடுத்தோம்.

தொலைபேசியில் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஹோட்டலோ?” என்றார் பிறகு. “அப்ப நாங்கள் என்னத்துக்குத் தம்பி இஞ்ச இருக்கிறம்?”

நண்பரின் விசா நிபந்தனைகளை விளக்கினேன். ஒரு தாளும் இல்லாமல் எல்லை எல்லையாகத் தாண்டி வந்த மனுசிக்குச் செங்கன் சட்டம் சொல்லிக் கொடுப்பது லேசான காரியமா?

செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சுப் போலீஸ்காரர் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார். பிரான்ஸ் லண்டனுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. யூரோஸ்டாரில் இரண்டே கால் மணி நேரச் சொச்சம். அதில் கடலுக்குக் கீழே 38 கிலோமீட்டர். சுரங்கம் கடற்படுகைக்கும் கீழே போகிறது என்று நண்பருக்குத் தெரியும், மதுரையில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. மீன் தெரிந்ததா என்று கேட்டிருந்தார். தெரிந்தது என்று சொல்லிவிட்டார் நல்ல பிள்ளை.

கார் து நோரிலிருந்து லூவருக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடந்தே போய்விடலாம். எக்செல் திட்டம் அந்த இடத்தில்தான் படுத்தது. சேலைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி, கல்யாண அட்டை அச்சடிக்கும் கடை, முடிவெட்டும் கடை, எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர்ப்பலகை. நண்பர் செல்போனில் பிரெஞ்சுப் பாடம் படித்துத் தயாராக வந்தவர். ஒரு கடைக்குள் நுழைந்து, மூக்கால் நன்றாக இழுத்து, “போன்ழூர்” என்றார். கல்லாவில் இருந்த பையன் நிமிர்ந்தே பார்க்காமல் “என்ன வேணும் அண்ணை?” என்றான். அதற்குப் பிறகு நண்பர் பிரெஞ்சில் வாய் திறக்கவில்லை.

1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போனோம். சுற்றுலாப் பயணி என்ற எண்ணம் அவருக்கு அங்கே முற்றாகக் கழன்றது. செருப்பை வைத்த இடத்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாச்சப்பல் பெருந்தெருவில் பூஃப் து நோர் என்று ஒரு பழைய நாடக அரங்கு இருக்கிறது. லண்டனில் பிறந்த நாடக இயக்குநர் பீட்டர் புரூக் அதை 1974இல் மீட்டெடுத்து, ஒன்பது மணி நேர மகாபாரதத்தையும் அங்கே மேடையேற்றினார். அவ்வளவு நேரம் பிரெஞ்சுச் சனம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று நண்பர் வியந்தார். அன்று மாலை லாக்கூர்நெவில், பெரியம்மா வீட்டில், அவருக்கு விளங்கியது. புட்டு, இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, இறால் பொரியல் என்று வந்துகொண்டே இருந்தது. “காணும்” என்றால் இன்னொரு கரண்டி விழும். தட்டின்மேல் கையை விரித்து மறைத்தார். பெரியம்மா விரல் இடுக்கால் சொதி ஊற்றினார். ஹோட்டல் பேச்சே எடுக்கவில்லை. எடுக்காததுதான் பயமாக இருந்தது. படுக்கையறைக் கதவைத் திறந்து, புது விரிப்பு விரித்த இரண்டு கட்டில்களைக் காட்டிவிட்டு மூடினார்.

ஈபிள் கோபுரத்தை வரும் வழியில் ரயிலிலிருந்து பார்த்ததாக நண்பர் சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்றாவது பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து கிமே அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனார். ஈபிள் கோபுரத்தைப் போலவே அதுவும் பாரிஸில் திறந்தது 1889இல்தான். உள்ளே சோழர் காலத்து நடராசர், பதினோராம் நூற்றாண்டு வெண்கலம், தூக்கிய திருவடியோடு நிற்கிறார். நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலாளி ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வரும்போது நண்பர் மெதுவாகக் கேட்டார்: “இவர்கிட்ட யாரு ஹோட்டல் புக்கிங் கேட்டாங்க?”

திரும்பும்போது பெரியம்மா ஸ்டேஷனுக்கே வந்து ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் தந்தார். 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுவர முடியாது. கோமாரி நோய்ப் பயம். சான்ட்விச்சுக்குக்கூட விலக்கில்லை. இதைச் சொன்னேன். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “எங்கட ரோல்ஸில நோயோ?” என்றார். அதற்குமேல் சட்டம் பேசினால் உறவு மிஞ்சாது. பெட்டியை வாங்கி, அவர் கண்மறைந்ததும், பிரித்தானிய அதிகாரியின் கூண்டுக்கு இப்பால் நின்று இருவரும் ரோல்ஸ் முழுவதையும் தின்று தீர்த்தோம். மதிய உணவு, அரை மணி நேரம். திட்டத்தில் அந்த ஒரு வரி மட்டும் சரியாக நிறைவேறியது.

ரயில் சுரங்கத்தைவிட்டுக் கென்ட் பக்கம் ஏறியதும் என் செல்போனுக்கு உயிர் வந்தது. கனடாவிலிருந்து அழைப்பு. டொரொன்டோவில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். சின்ன மாமி.

“தம்பி,” என்றார், வணக்கம் சுகம் ஒன்றும் இல்லாமல், “பாரிசில ஹோட்டலிலயோ நிண்டனீங்கள்?”