குடும்பத்துடன் கண்டு களியுங்கள்

எங்கள் வீட்டில் சினிமாத் தேர்வு என் இலாகா. காய்கறி, பள்ளிக் கட்டணம், கேஸ் புக்கிங் போன்ற சில்லறை விவகாரங்களை மனைவி பார்த்துக்கொள்கிறாள். ஆறு வயது மகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தப் படம் பார்க்க வேண்டும் என்கிற கொள்கை முடிவை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

கொள்கை எளிது. கார்ட்டூன் கூடாது. கார்ட்டூன் பூனை மாடியிலிருந்து விழுந்து அப்பளமாகும். மறு நொடியே எழுந்து ஓடும். அதில் என்ன நீதி இருக்கிறது? ரத்தமும் சதையுமான மனிதர்கள் நடித்திருக்க வேண்டும். படிப்பினையும் இருக்க வேண்டும். சென்சார் சான்றிதழையும் விட மாட்டேன். 2023 சட்டத் திருத்தத்தில் யுஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அந்தந்த வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் வழிகாட்ட வேண்டுமாம். நான் தயார். சோபாவில் படுத்தபடியே வழிகாட்டுவேன்.

முதலில் 'ஹோம் அலோன்' (1990). பாரிசுக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறது ஒரு குடும்பம். தனியாக மாட்டிக்கொண்ட பையன், இரண்டு திருடர்களைப் பந்தாடுகிறான். தைரியம், சமயோசிதம் என்று படிப்பினைகளைக் குறித்து வைத்திருந்தேன். மகள் எடுத்துக்கொண்டது செய்முறையை. பொம்மைக் கார்களை பாத்ரூம் வாசலில் பரப்பி வைத்தாள். திருடன் வரவில்லை, நான் வந்தேன்.

"திருடங்க எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து ஓடினாங்களே, நீ ஏன்பா படுத்தே கிடக்குற?"

கார்ட்டூன் பூனையே தேவலை.

அடுத்தது மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). சிறந்த குழந்தைகள் படம் என்று தேசிய விருதே வாங்கியது. பீட்சாவுக்கு ஏங்கும் அண்ணன் தம்பி, அலையாய் அலைந்து கடைசியில் அதைத் தின்று பார்த்துவிட்டு, ஆயா சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். மாதக் கடைசியில் காட்ட இதைவிடச் சிறந்த படம் கிடையாது.

"பாத்தியா, தோசைதான் பெஸ்ட்!" என்றேன்.

"அவங்க பீட்சா சாப்பிட்டுப் பாத்துட்டுத்தானேப்பா சொன்னாங்க? நானும் சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

நியாயமான கேள்வி. ஜிஎஸ்டியுடன் பதில் சொன்னேன்.

பிறகு 'அவ்வை சண்முகி' (1996). இதற்கு முன்னோடியான 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தை இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். 'ஹோம் அலோன்' எடுத்தவரும் அவரேதான். அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்த மனிதர் ஏன் என் வீட்டையே குறிவைக்கிறாரோ! மகளைப் பிரிந்த அப்பா, மாமி வேஷம் கட்டி அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கே வந்து சேருகிற கதை. ஜெமினி கணேசன் மாமியைக் காதலோடு பார்க்கும் கட்டங்களை ரிமோட்டால் லாகவமாகத் தாண்டினேன். ஆபத்து அங்கே இல்லை, சமையல்கட்டில் இருந்தது.

"அப்பா, அவரு பாவம், வேஷம் போட்டாத்தான் உள்ளே விடுவாங்க. நீ சும்மாவே சமைக்கலாம்ல?"

என் பதில் காதில் விழட்டும் என்று மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) ஓடிய அன்று வழிகாட்டும் பொறுப்பு முழுமையாகக் கைமாறியது. முடிவு எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தலையணை உறையில் மூக்கைச் சிந்தினேன். "அழாதப்பா, பாப்பா சும்மா நடிக்குது. ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போயிருக்கும்" என்று மகள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். குழந்தைகளுக்கு மூன்று வகை சான்றிதழ் வகுத்த அரசாங்கம், அப்பாக்களுக்கென்று ஒன்றாவது யோசித்திருக்கலாம்.

இப்போது கொள்கையைத் திருத்திவிட்டேன். படிப்பினை வேண்டாம்; என்னோடு ஒப்பிட ஆள் இல்லாத படமாக இருந்தால் போதும். அப்படித்தான் 'பட்டணத்தில் பூதம்' (1967) போட்டேன். ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து கேட்டதையெல்லாம் நொடியில் நடத்திக் காட்டுகிறார். எனக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

"அம்மா, நம்ம வீட்லயும் ஒரு பூதம் இருந்தா நல்லா இருக்கும்ல?"

"இருக்கேடி. ஆனா நம்ம பூதம் கேட்டதைச் செய்யாது. நாலு மணிக்கு எழுந்து காபி கேக்கும்."