ரங்கூன் ஆட்டத்துக்கு சேவ் பட்டன் கிடையாது

ஒரு இட்லி டொராண்டோவிலிருந்து கிளம்பி லண்டனுக்குப் போய் பாஃப்டா விருது வாங்கிய கதை உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எட்டாதவர்களுக்காக: 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்றொரு வீடியோ கேம் வெளிவந்தது. செய்தவர்கள் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு. துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது, டிராகன் கிடையாது. வெண்பா, பாவலன் என்று ஒரு தம்பதி 1980களில் கனடாவுக்குக் குடிபோகிறார்கள். கவின் என்று ஒரு பையன் பிறக்கிறான். பையனுக்குத் தமிழ் பிடிக்காமல் போகிறது. வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பாதிப் பக்கம் கிழிந்து, மீதிப் பக்கம் எழுத்து அழிந்து. விட்டுப்போன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். புதிர் அதுதான். சமையல் முடிந்தால் கதை நகரும், கதை நகர்ந்தால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

உறிஞ்சினார்கள். இட்லித் தட்டு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் உறிஞ்சினார்கள். 2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதல் பரிசு, ஏப்ரலில் முதல் படைப்புக்கான பாஃப்டா. பாராட்டியவர்களில் பலர் சொன்ன ஒரே குறை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது.

இந்தக் குறையைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் ஊரின்மேல் பெருமை வந்தது. இதே ஆட்டத்தை யாங்கூன் (பழைய ரங்கூன்) தமிழர்கள் நாங்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை. விருதும் வரவில்லை.

ஆட்டத்தின் வரைபடத்தைப் போட்டது வெள்ளைக்காரன். 1852 போரில் ஊரைப் பிடித்ததும் ஃப்ரேசர் என்ற ராணுவப் பொறியாளர் அடிமட்டத்தை எடுத்தார். சூலே பகோடாவை நடுவில் வைத்து மிச்சத்தையெல்லாம் கட்டம் கட்டமாக வெட்டினார். பல தெருக்களுக்குப் பெயர் யோசிக்க நேரமில்லை, நம்பர் போட்டார்கள். அவர் பெயரிலும் ஒரு தெரு நிற்கும்படி ஆயிற்று. இன்று அந்த ஃப்ரேசர் தெரு அனோரதா சாலை. அங்கேதான் 1871இல் நம்மாட்கள் கட்டிய காளி கோயில் கோபுரம் நிற்கிறது. பர்மிய ராஜா பெயருள்ள வெள்ளைக்காரன் தெருவில் தமிழ்க் காளி. இந்த ஊரில் முகவரி சொல்வதே ஒரு புதிர்தான்.

வெள்ளைக்காரனுக்கு இன்னொரு விளையாட்டும் பிடித்திருந்தது: ராஜாக்களை இடம் மாற்றி வைப்பது. டெல்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபரைக் கொண்டுவந்து ரங்கூனில் வைத்தான். அவர் 1862இல் இங்கேயே கண்ணை மூடினார். பர்மாவின் கடைசி ராஜா தீபோவை 1885இல் தூக்கி, சென்னை வழியாக ரத்னகிரிக்கு அனுப்பினான். ஆளுக்கொரு சமுத்திரம் தாண்டி, ஒருவர் ஊரில் இன்னொருவர். ஜஃபரைப் புதைத்த இடத்தை யாரும் கும்பிடக் கூடாதென்று அடையாளம் இல்லாமல் மூடினார்கள். சரியான கல்லறை 1991இல்தான் மண்ணுக்குள்ளிருந்து அகப்பட்டது. மறைபொருள் தேடும் விளையாட்டு என்றால் இது.

முதல் கட்டம் சுலபம். கப்பல் ஏறு, மூட்டை தூக்கு, காசு சேர். 1931 கணக்கெடுப்பில் ஊரில் 4 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். முகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைப் பெட்டியடிகள். ஐராவதி டெல்டாவில் சதுப்பை வயலாக்கியவனுக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி வந்தது, கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1930இல் உலகமெல்லாம் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவனால் பணம் கொடுக்க முடியவில்லை, நிலம் கொடுத்தான். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கையில். 1937இல் 25 பங்கு. வட்டிக்குப் போனவர் தலையில் வயல் விழுந்தது. எவ்வளவு ஜெயித்தாலும் அட்டைப்பெட்டியில் போட்டுக் காரைக்குடிக்கு எடுத்துப்போக முடியாத பரிசு அது. பர்மியர்களுக்கு ஆத்திரம் வராமல் இருக்குமா? வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948லேயே நில நாட்டுடைமைச் சட்டமும் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் 1941 டிசம்பர் 23. ஜப்பான்காரன் ரங்கூன்மேல் குண்டு போட்டான். இங்கே ஆட்டத்தின் தன்மையே மாறுகிறது. நான்கைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கொஞ்சம், மற்றவர்களுக்குக் கால். காடு, மலை, காலரா, அரக்கான் கணவாய், தாமு வழி இம்பால். வழியிலும் வெள்ளைத் தோலுக்கு ஒரு பாதை, கறுப்புத் தோலுக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். சாகப் போகிறவனிடமும் நிறம் பார்த்த நிர்வாகத் திறமைக்கு எந்த விழாவிலும் விருது இல்லை, என்ன செய்ய. வழியில் விழுந்தவர்களின் எண்ணிக்கை பல ஆயிரம். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை, அடுத்ததுக்குப் போய்விடுகிறேன்.

1937 முதல் ரங்கூனில் ‘ஜோதி’ மாத இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியோடு இந்த வழியில் நடந்தவர். அரசியல் தத்துவம் எல்லாம் தமிழில் எழுதியவர், இதையும் எழுதி வைத்தார்: ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. ரங்கூன் ஆட்டத்துக்கு நம்மிடம் இருக்கும் நல்ல வழிகாட்டிப் புத்தகம் அதுதான்.

தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கட்டம் சினிமாவாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யை நினைத்துப் பாருங்கள். கருணாநிதி வசனத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் அது ஒரு அசல் புதிர் கேம். ரங்கூனில் மூன்று அண்ணன் தம்பிகள். மதுரையில் தங்கை கல்யாணம். யுத்த சமயம், கப்பலில் ஒரே டிக்கெட். யாரை அனுப்புவாய்? ஆட்டக்காரர் கடைக்குட்டி குணசேகரனைத் தேர்ந்தெடுக்கிறார். தப்பான விடை. பையன் சென்னையில் இறங்கியதும் பெட்டியைப் பறிகொடுத்து, பைத்தியக்கார வேஷம் கட்டி, கடைசியில் கூண்டில் நின்று பேச வேண்டியதாகிறது. அனுபவமுள்ள மூத்தவரை அனுப்பியிருந்தால் படம் இருபது நிமிஷத்தில் சுபம். சிவாஜியும் கிடைத்திருக்க மாட்டார் என்பதால் நாம் மன்னித்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் யாரும் நடக்கவில்லை. அப்பத்தாவுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய அப்பா எல்லோரும் மேற்கே போனால் நாம் கிழக்கே போவோம் என்று பகோ பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடும்பத்தை ஓட்டிப்போனார். துணிச்சலா, திசை தெரியாததா என்று இன்று வரை வீட்டில் வழக்கு நடக்கிறது. அப்படித்தான் நாங்கள் மிஞ்சினோம்.

மிஞ்சியவர்களுக்கு நே வின் வந்தார். 1962இல் ஆட்சியைப் பிடித்த இந்த ஜெனரல் போல ஒரு கேம் டிசைனர் உலகத்தில் பிறக்கவில்லை. விதியை மாற்றுவார், ஏன் என்று சொல்ல மாட்டார். 1964 மார்ச்சில் கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்: காலையில் முதலாளி, மத்தியானம் மக்கள் கடை இத்தனாம் நம்பருக்கு வெளியே நிற்கும் மனிதன். மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்றார். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். காசும் நகையும் சுங்கத்தோடு நின்றன. மூளைக்குள் இருந்ததுதான் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1969இல் பர்மா பஜார் முளைத்தது. பக்கத்திலேயே அத்தோ கடையும் முளைத்தது. ‘அதோ’ என்றால் பர்மிய மொழியில் பிசைந்தது, அவ்வளவுதான். எதைப் பிசைந்தது என்ற பாதிப் பெயரைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்; வெண்பாவின் புத்தகத்தில் அழிந்த வரி மாதிரி. சென்னைக்காரர்கள் அந்த இடத்தில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

சிலருக்குச் சென்னை ஒத்துவரவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு பர்மாவுக்கே நடந்து திரும்பப் பார்த்தார்கள். மணிப்பூர் எல்லையில், மோரேயில், கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் அப்படியே ஊர் கட்டி, கோயில் கட்டி, தமிழ்ச் சங்கமும் வைத்துவிட்டார்கள். கேமில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் நாம் அணைத்துவிட்டுத் தூங்கப்போவோம். தமிழன் அந்த இடத்தில் கும்பாபிஷேகம் நடத்துகிறான்.

இங்கே யாங்கூனில் விதிகள் தொடர்ந்து மாறின. 1970 டிசம்பரில் நே வின் ஒரே நாளில் இடப்பக்க வண்டிகளை வலப்பக்கம் போகச் சொன்னார். ஜோசியர் சொன்னதாக ஊரில் பேச்சு. சாலை மாறியது, வண்டி மாறவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் நடுரோட்டில் விழுந்தது. 1982இல் குடியுரிமைச் சட்டம். முழுக் குடிமகனுக்கு ரோஸ் அட்டை, அடுத்தவனுக்கு நீலம், அதற்கடுத்தவனுக்குப் பச்சை. கேண்டி க்ரஷ் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே நாங்கள் கலர் சேர்த்து ஆடியவர்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு நிறம், பெரியப்பாவுக்கு ஒரு நிறம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1987. செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாதவை ஆயின. 35, 75 என்று தாள் அடித்ததே தனிப் புதிர். கொஞ்ச நாளில் பதிலுக்கு வந்தன 45ம் 90ம். ஜெனரலுக்கு ராசி எண் 9. நாலும் அஞ்சும் ஒன்பது, ஒன்பதும் பூஜ்யமும் ஒன்பது. டீக்கடைக் கல்லாவில் இருந்த எங்கள் தாத்தாவுக்கு அதுவரை வாய்ப்பாடு பத்தோடு நின்றிருந்தது. 90ஐ நீட்டி 13 கியாட் எடுத்துக்கொள் என்று ஒருவன் சொல்ல, அவர் ஒரு 45ஐயும் சில்லறையையும் வைத்துக்கொண்டு நின்றதை அப்பத்தா நடித்துக் காட்டுவாள். கடைசியில் மிச்சத்துக்கு ரெண்டு சமோசா கொடுத்து அனுப்பினாராம். எண்ணெய்ப் பலகாரம் செல்லாது என்று எந்த ஜெனரலும் இன்னும் அறிவிக்கவில்லை.

இத்தனை வித்தை கண்ட அப்பத்தாவுக்கு எதிரில்தான் போன மழைக்காலத்தில் லேப்டாப்பைத் திறந்து ‘வெண்பா’வைப் போட்டேன். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது புதிர். நான் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வைத்தேன். வேகவில்லை.

“ஏண்டா, குழிக்கு மேல குழிய வச்சா ஆவி எங்கிட்டுப் போகும்? தட்டத் திருப்பி வையி.”

திருப்பினேன். வெந்தது. உலக விமர்சகர்கள் நுட்பமான வடிவமைப்பு என்று எழுதிய புதிர். அப்பத்தாவுக்கு மூன்று விநாடி. அடுத்து புட்டு. குழலில் மாவு, தேங்காய், மாவு. “பொடி ஈரம் பத்தல” என்றாள், திரையைப் பார்த்து. ஈரத்தைத் திரையில் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிரியாணி வந்ததும் சண்டை. நாங்கள் இங்கே சாப்பிடுவது டான்பௌ; தம் பிரியாணிதான், ‘தம் புக்த்’ என்ற பாரசீகப் பெயர் யாங்கூன் வாயில் அப்படி ஆனது. “டான்பௌக்கு இப்பிடியா அடுக்குவா இவ?” என்றாள். கனடாவில் இப்படித்தான் அப்பத்தா என்றேன். “அப்ப அங்கயும் மாறிப்போச்சா” என்றாள் கொஞ்சம் திருப்தியாக. எங்கள் ஊர் தோசைக்குப் பர்மிய எழுத்தில் ‘தோஷே’ என்று போர்டு வைப்பார்கள். அதைப் பர்மிய அர்த்தத்தோடு படித்தால் ‘குட்டை-நீளம்’. இத்தனை வருஷமாக நாங்கள் குட்டை-நீளத்தைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டு வருகிறோம், ஒரு குறையும் இல்லை.

கவின் அம்மாவிடம் இங்கிலீஷில் பதில் சொன்ன இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மகள் பக்கத்து அறையில் போனில் யாரோடோ பர்மிய மொழியில் சிரித்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதுவும் பொங்கல் கொடுக்கிற ஞாயிறு என்றால்தான்.

பையன் வளர்ந்து, அந்தக் கிழிந்த புத்தகத்தைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு முழிக்கிற இடம் வந்தது. கரண்ட் போயிற்று. யாங்கூனில் கரண்ட் வருவதற்கு அட்டவணை உண்டு, நான்கு மணி நேரம் வரும், அப்புறம் அடுத்த பேட்டைக்குப் போய்விடும். லேப்டாப்பில் பேட்டரி கோடு சிவந்து, அதுவும் அணைந்தது.

“போச்சா? மறுபடி மொதல்லருந்தா?” என்றாள் இருட்டில்.

இல்லை அப்பத்தா, அதுவே விட்ட இடத்தை எழுதி வைத்துக்கொள்ளும் என்றேன்.

“அட” என்றாள். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. மெழுகுவத்தியைத் தம்ளர்மேல் நிறுத்திவிட்டு, காலையில் குட்டை-நீளத்துக்கு அரைத்த மாவைத் தட்டுப் போட்டு மூடினாள்.

“ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணி ஏத்த மோட்டார் போட எந்திரிப்பேல்ல? என்னையும் எழுப்பு. அந்தப் பய உப்புப் போட்டானான்னு பாக்கணும்.”