கூட்டச் சொன்னால் ஒட்டுகிறது!

கேள்வி: எங்கள் கடைக்கு இணையத்தில் ஆர்டர் படிவம் வைத்திருக்கிறோம். புடவை 500, கூரியர் 50 என்று போட்டால் மொத்தம் 50050 என்று வருகிறது. கம்ப்யூட்டருக்கே கணக்கு வராதா?
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: நன்றாக வரும். நீங்கள் கொடுத்தது கணக்கு என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. கட்டத்தில் தட்டுவது எதுவானாலும் படிவத்தில் கணக்குப் போடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியின் கைக்கு எழுத்தாகவே போய்ச் சேரும். 1995-இல் பிறந்த அந்த மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை: எண்ணைக் கூட்டும், எழுத்தை ஒட்டும். இங்கே ஒட்டிவிட்டது. முதலில் இரண்டையும் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள், 550 வந்துவிடும். கழித்தலிலும் பெருக்கலிலும் இந்த வம்பு கிடையாது. அந்தக் குறிகளுக்கு ஒட்டத் தெரியாது!

பைசா வந்தால் அடுத்த தலைவலி. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று நீட்டும். மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிக்காமல் எழுதிக்கொண்டே போகிறோமே, அப்படி, பத்தில் ஒன்றை, 0, 1 மட்டும் வைத்து எழுதும் கம்ப்யூட்டரால் எழுதி முடிக்க முடியாது. ஒவ்வொரு விலையையும் பைசாவாக்கி, முழு எண்ணாகத் திருத்திக் கூட்டுங்கள். ரூபாயாக்குவது கடைசியில்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று. திரையில் தெரியும் மொத்தத்தை நம்பிப் பணம் வாங்கவே வாங்காதீர்கள். பிரவுசர் இருப்பது வாங்குபவர் கையில். விஷயம் தெரிந்தவர் 550-ஐ 5 ஆக்கி அனுப்பிவிடுவார். எந்தப் புடவை, எத்தனை என்பதை மட்டும் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டு, விலையை உங்கள் சர்வரே பார்த்து மறுபடி கூட்டட்டும்.