காதலைக் கலைக்கும் உத்தியோகம்

கூலி வாங்கிக்கொண்டு பிறர் காதலைக் கலைப்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒரு கனவான், பணக்காரத் தகப்பனாரின் ஏற்பாட்டின்படி, பத்து நாளில் கலியாணம் நிச்சயமாகியிருக்கும் பெண்ணிடம் மொனாக்கோவில் மெய்க்காப்பாளராக வேஷமிட்டு வந்து சேர்கிறார் என்ற மாத்திரத்திலேயே, 2010இல் வெளியான ‘லார்னக்கர்’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் முடிவு பச்சைக் குழந்தைக்கும் விளங்கிவிடும். ஆயினும், அவளுக்குப் பிரியமான ‘டர்ட்டி டான்சிங்’ பட நடனத்தை, அந்தக் கனவானாக நடிக்கும் ரோமன் டூரிஸ் வேர்க்க விறுவிறுக்க அப்பியாசம் செய்து, பிறகு ஜன்ம வாசனைபோல் மணப்பெண்ணாக வரும் வனெஸா பாரடியின் எதிரில் ஆடிக்காட்டும் அந்த அற்புதமான அசட்டுத்தனத்தை, யோக்கியரான ஆங்கிலேய மாப்பிள்ளையால் (பாவம், அவர் செய்த ஒரே குற்றம் குற்றமற்றவராயிருந்ததுதான்!) ஏழு ஜன்மமெடுத்தாலும் வழங்கியிருக்க முடியாது. மணப்பெண் கலியாணக் கோலத்தோடு ஓடிவருகிறாள். ஓடாவிட்டால்தான் டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேட்க வேண்டும்.