மக்களைத் தேடி ஒரு கையெழுத்து

அனுப்புநர்:
படுத்த படுக்கையான ஒரு தாயாரின் மகன்,
விளாத்திகுளம்.

பெறுநர்:
மாற்றுத்திறனாளி சான்றிதழில் கையொப்பமிடும் மேசை.
(எந்த ஆஸ்பத்திரி என்பது மேசைக்கே தெரியும்.)

ஐயா,

பொருள்: நடக்க முடியாதவர், தம்மால் நடக்க முடியாது என்பதை நேரில் வந்து சொல்லக் கோரியது – தொடர்பாக.
பார்வை: நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

நாற்பது வருஷம் கரிசலில் மிளகாய்ப் பழம் பறித்த அம்மா, போன மாசியில் வத்தல் காயப்போட்ட களத்திலேயே வாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் பாதி போயிற்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றி, மெத்தை விரித்து, நாலு பேர் பிடித்து ஏற்றினோம். ஒரு தடவைக்கு வாடகை 3,000. முதல் தடவை எலும்பு டாக்டர் கேம்ப் போயிருந்தார். இரண்டாம் தடவை எலும்பு டாக்டர் இருந்தார், நரம்பு டாக்டர் லீவு. மூன்றாம் தடவை இருவரும் இருந்தார்கள், சர்வர் இல்லை. இன்னும் வராத உதவித்தொகையில் நாலரை மாதத்தை இப்படி முன்கூட்டியே செலவழித்துவிட்டோம்.

"ஆளைப் பார்க்காம எப்படிங்க கையெழுத்துப் போடுறது?" என்றார்கள். ரொம்ப நியாயம். ஆனால் ஆளைப் பார்த்தவர்களுக்கா பஞ்சம்? 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண் மாதாமாதம் அம்மாவைப் பார்க்கிறார். பிசியோதெரபி தம்பி முழங்காலை மடக்கிப் பார்க்கிறார். நர்ஸம்மா புரட்டிப் போட்டுப் படுக்கைப் புண்ணைப் பார்க்கிறார். எல்லோரும் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள பேனாவுக்குத்தான் விளாத்திகுளம் பஸ் எது என்று தெரியவில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் அறிந்திருந்தது. 2016 சட்டம் 21 வகை என்றது. ஒரு மாதத்தில் சான்றிதழ் தரவேண்டும் என்றன 2017 விதிகள். பிறகு 2024 அக்டோபரில் அந்த ஒரு மாதத்தை மூன்று மாதமாக்கினார்கள். இந்தத் தந்திரம் எங்கள் சம்சாரிகளுக்குத் தெரியாமல் போயிற்று. புரட்டாசிப் பட்டத்தை மார்கழிக்குத் தள்ளிவைத்திருந்தால் ஒருத்தன்கூட விதைப்புத் தவறியிருக்க மாட்டான். அதே திருத்தத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு வெள்ளை, மஞ்சள், நீலம் என்று நிறமும் பிரித்திருக்கிறார்கள். அம்மா மூன்று நிறத்திலும் சேலை கட்டியவர். எது வந்தாலும் சம்மதம்.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் வெளிநோயாளிகள், அப்புறம் ஆபரேஷன், நடுவில் கோர்ட் சாட்சி. அவர்களும் இரண்டு கையோடுதான் பிறந்தவர்கள். நான் கேட்பது இரண்டே. மாதம் ஒரு நாள் உங்கள் மெடிக்கல் போர்டு எங்கள் தாலுகாவுக்கு வந்து, எழுந்திருக்க முடியாதவர்களை வீட்டிலேயே பார்க்கட்டும். அது முடியாவிட்டால், எந்த டாக்டர் வரமாட்டார் என்று முந்தின நாள் ராத்திரி ஒரு போன் போடுங்கள். பின்சீட்டையாவது கழற்றாமல் இருப்போம்.

விண்ணப்பத்தில் அம்மா கையொப்பமிட வேண்டிய கட்டமும் ஒன்று இருந்தது. இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் பிடித்தேன். பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல். ஒரு அழுத்து அழுத்தினார், முடிந்தது. ஒரு கை விழுந்தவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இணைப்பு: அம்மாவை இணைக்க இயலவில்லை. வீட்டில்தான் இருக்கிறார், எந்த நேரத்திலும் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.