‘சின்னப் பார்சல்’: எடை குறித்த ஓர் ஆய்வு

‘சின்ன’ என்பது இலக்கணத்தில் பெயரடை. வெளிநாடு கிளம்புகிறவரின் வீட்டு வாசலில், முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு, அதுவே எடைக்கல். “சின்னப் பார்சல்தான் தம்பி, அரைக் கிலோகூட வராது” என்ற சொல்லில் வரும் அரைக் கிலோ எத்தனை கிலோ என்பதே இவ்வாய்வின் பொருள்.

முன்னோடிகளைச் சொல்லாமல் ஆய்வு தொடங்கக் கூடாது. சென்னை, திருச்சி விமான நிலைய வட்டாரத்தில் பிறர் சரக்கைக் கூலிக்குச் சுமப்பவருக்குக் ‘குருவி’ என்று பெயர். 2008-ல் விஜய் நடித்து அந்தப் பெயரிலேயே படமும் வந்தது. குருவிக்குக் கூலி உண்டு. நம் ஆய்வுக்குரிய இனமோ சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, “உன் பெட்டியிலதான் எடம் இருக்குமே” என்ற பேச்சையும் வாங்கிக்கொள்வது. இதை ‘உறவுக்குருவி’ என்று வகைப்படுத்தலாம்.

களம்: சென்னையிலிருந்து டல்லாஸ். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்று கணக்குப் பார்த்து அடுக்கி, ஜிப்பும் போட்டாயிற்று. எதிர்வீட்டு அம்மா கட்டைப்பையோடு வருகிறார். செய்தித்தாள் சுற்றி, அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் மூலை தெரியாமல் பிரவுன் டேப், டேப்பின்மேல் மார்க்கரில் மகள் பெயரும் போன் நம்பரும். கொக்கித் தராசில் மாட்டினால் 2.8 காட்டுகிறது. “உங்க தராசு சரியில்ல போலிருக்கு” என்கிறார். தராசின்மேல் பழி போடுவது இத்துறையில் நிலைபெற்ற மரபு.

உள்ளே என்ன? பருப்புப் பொடி, வடாம், பேத்திக்குப் பாவாடை. பொடி வாசனை போகாமலிருக்க நடுவில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அம்மா சொல்லாமல் விட்டது இந்தக் கொத்தைத்தான். கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். ஃபுளோரிடாவில் அந்த நோய் 2005-ல் தென்பட்டது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதம் பெட்டிக்காரருக்கு, பொடி செய்தவருக்கு அல்ல.

வளைகுடாவோ சிங்கப்பூரோ போகிறவர் கதை இன்னும் மோசம். குருமாவுக்கு அரைக்கிற கசகசா, ஓபியம் எடுக்கும் செடியின் விதை. துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடைப்பொருள். கொப்பரைத் தேங்காயும் சாதுவல்ல. தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று ஐ.நா. எண் 1363 கொடுத்து ஆபத்துப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

கவுன்டரில் எடை கூடினால் பொடி கைப்பைக்கு மாறும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிக்கு 2018 முதல் கைப்பையில் தனிச் சோதனை. அங்கே பருப்புப் பொடியின் குணநலன்களை ஆங்கிலத்தில் விளக்கவேண்டிய பொறுப்பும் உறவுக்குருவியுடையதே.

“பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?” என்று கேட்பதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில், இஸ்ரேல் விமானத்தில் ஏற வந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரின் பையில் வெடிகுண்டு இருந்தது. அது அவருக்கே தெரியாது. பையைக் கொடுத்தவன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன காதலன். அவனுக்கு 45 ஆண்டு சிறை விதித்தார்கள். கேலிக்கு நடுவே இந்த ஒரு பத்தியை மட்டும் ஆய்வாளர் சிரிக்காமல் எழுதுகிறார்.

இத்தனையும் தெரிந்தும் உறவுக்குருவி ஏன் பார்சலைப் பிரித்துப் பார்ப்பதில்லை? டேப்தான் காரணம். அதைக் கிழித்தால் அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட வயிறு அதற்கு இடம் கொடுக்காது.

ஆகவே பார்சல் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திறந்தபடியே கொடுங்கள். டேப்பைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஒட்டுகிற வேலையை உறவுக்குருவி பார்த்துக்கொள்ளும்.